ஃபேன்டம் பட்டன் பேட்ஜும் கார்டும்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

ரசித்த கதைகளின் பாத்திரங்களை வரைந்து, சட்டையில் குத்தும் வட்ட பட்டன் பேட்ஜாகவும் கார்டாகவும் நாமே செய்து விற்பதைப் பற்றியது இது. பட்டன் சரியாக அமையவில்லை என்றதும் எல்லோரும் முதலில் பழி போடுவது அதை அமுக்கிச் செய்யும் மெஷின் மேல்தான். நானும் ஒரு மாலை முழுவதும் டையை, அதாவது பட்டனை அமுக்கி வடிக்கும் உலோக அச்சை, கழற்றித் துடைத்து, எண்ணெய் போட்டு, திரும்ப மாட்டிப் போராடியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் குற்றவாளி பிரிண்டர் செட்டிங்கில் இருந்த ஒரு சின்ன டிக் மார்க். அன்றிலிருந்து தேடும் வரிசையை மாற்றிக்கொண்டேன். முதலில் ஃபைல், அடுத்து காகிதம், அடுத்து வெட்டு, அப்புறம் பாகங்கள், எல்லாம் சரியென்றால்தான் மெஷின். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் பட்டன் சரியாகிவிடலாம், ஆனால் எது சரிசெய்தது என்று தெரியாது. அடுத்த வாரம் அதே கோளாறு திரும்ப வரும்.

கீழே வரும் பெயர்கள் இவைதான். முன்பக்க உலோகக் கிண்ணம் ஷெல். அதன்மேல் உங்கள் படம் அச்சான காகித வட்டம். அதற்கும் மேல் மைலார் எனும் ஒளிபுகும் பிளாஸ்டிக் வட்டம். பின்னால் ஊசி பொருத்திய பின்தகடு. முன்பக்கத்தின் இந்த அடுக்கு வரிசை இன்றைக்கு வந்ததல்ல. அமெரிக்காவின் நியூஜெர்சியில் நூவார்க் நகரத்து வொயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் 1896-இல் காப்புரிமை பெற்ற பட்டனிலும் இதே ஏற்பாடுதான். அப்போது மேலே செல்லுலாய்டு இருந்தது, இப்போது மைலார் இருக்கிறது.

ஓரத்தில் வெள்ளையாகவோ உலோகமாகவோ ஒரு பிறை தெரிகிறது

பிறை ஒரே பக்கம் தெரிகிறதா, சுற்றிலும் தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரே பக்கம் என்றால் வட்டம் நடுவில் உட்காரவில்லை, அல்லது படத்தின் நடுவில் வெட்டவில்லை. சுற்றிலும் என்றால் வட்டம் சிறியது. அங்கேதான் அந்த டிக் மார்க் வரும். பிரிண்டர் சாளரத்தில் ‘பக்கத்துக்குப் பொருத்து’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். பல பிரிண்டர்கள் அதைத் தாமாகவே போட்டு வைத்திருக்கும். 70 மி.மீ. வட்டத்தை அது 68 ஆக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது, பிரஸ்ஸில்தான் தெரியும். ‘உண்மை அளவு’ அல்லது 100 சதவீதம் என்று வைத்து, அச்சான தாளில் அளவுகோலை வைத்து அளந்து பாருங்கள். வெட்டுவதற்கு முன்பே அளப்பதுதான் நல்லது.

58 மி.மீ. பட்டனுக்குப் பரவலாக விற்கும் மெஷின்களில் காகிதம் 70 மி.மீ. வேண்டும். வேறு தயாரிப்பாளர்களின் கிட்டத்தட்ட அதே அளவு மெஷினுக்கு 67 மி.மீ. போதும். உங்கள் மெஷினோடு வந்த கட்டர் என்ன அளவோ அதுவே சட்டம். இணையத்தில் கிடைக்கும் வார்ப்புருவை நம்பி வேலை செய்யாதீர்கள்.

அளவு பேசும்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். 70 மி.மீ. வட்டங்களை ஏ4 தாளில் நேர் வரிசையாக அடுக்கினால் 8 தான் வரும். மூன்று நிரல் சேர்ந்தால் சரியாக 210 மி.மீ. ஆகிவிடும், பிரிண்டருக்கு விளிம்பு மிஞ்சாது. நடு நிரலை அரை வட்டம் கீழே இறக்கி, பக்கத்து நிரல்களின் இடுக்கில் நுழைத்தால் அகலம் ஏறத்தாழ 191 மி.மீ.க்குள் அடங்கும். அப்போது 4, 3, 4 என்று 11 வட்டங்கள். தேன்கூட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்ட கணக்கு. வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் என்பதால் கட்டரை நிதானமாக வைக்க வேண்டும்.

முகம் வெட்டுப்படுகிறது, எழுத்து ஓரத்தில் வழிந்து போகிறது

இது ஃபைல் தவறு. 70 மி.மீ. காகிதத்தில் முன்னால் வருவது 58. அந்த 58-லும் கடைசிச் சில மில்லிமீட்டர் வளைந்து பக்கவாட்டில் திரும்பிவிடும். ஆகவே கண், பெயர், வசனம் எல்லாவற்றையும் 50 மி.மீ. வட்டத்துக்குள் வையுங்கள். பின்னணி நிறம் மட்டும் 70 வரை போகட்டும். 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) 70 மி.மீ. என்பது 827 பிக்சல். அதைவிடச் சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் கோடுகள் மங்கும். அதை மைலாரின் பளபளப்பு மறைத்துவிடும் என்று நினைக்காதீர்கள், எடுத்துக் காட்டத்தான் செய்யும்.

வளைந்து பின்பக்கம் போகும் அந்த ஓரம் வீணல்ல. சின்ன எழுத்தில் உங்கள் கையெழுத்துப் பெயரை அங்கே வட்டமாக ஓடவிட்டால், முடிந்த பட்டனில் அது பின்விளிம்பில் வந்து உட்காரும். முன்னால் படம் சுத்தமாக இருக்கும், யார் செய்தது என்றும் தெரியும். பழைய தேர்தல் பட்டன்களைச் சேகரிப்பவர்கள் இந்த விளிம்பைத்தான் முதலில் திருப்பிப் பார்ப்பார்கள்.

சுருக்கம் விழுகிறது, ஓரம் மூடவில்லை, பின்தகடு ஆடுகிறது

மூன்றும் ஒரே குடும்பம். உள்ளே இருக்கும் தடிமன் சரியில்லை என்பதுதான் அடிப்படை. மடிப்பதற்கு ஷெல்லின் விளிம்பில் இருக்கும் இடம் மிகக் குறைவு. அதற்குள் காகிதமும் மைலாரும் சேர்ந்து உள்ளே போக வேண்டும். 80 முதல் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) காகிதம் நிம்மதியாகப் போகும். கனமான போட்டோ பேப்பர் பளிச்சென்று இருக்கும் என்று ஆசைப்பட்டு வாங்குவார்கள், அது மடியாது. மடிந்தாலும் சுருங்கும். பளபளப்பைத்தான் மைலார் தருகிறதே, காகிதம் எதற்குப் பளபளக்க வேண்டும்?

காகிதம் சரியாக இருந்தும் ஓரம் திறந்தே இருக்கிறதென்றால் மைலாரை எண்ணுங்கள். நிலைமின்சாரத்தால் இரண்டு வட்டங்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றுபோலத் தெரியும். கட்டிலிருந்து எடுத்ததும் விளிம்பை விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மூட மறுக்கும் பட்டன்களில் பெரும்பங்கு இதனால்தான் என்பது என் அனுபவம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. காகிதம் மிகவும் மெல்லியதென்றால் பட்டன் மூடும், ஆனால் உள்ளே பிடிப்பிருக்காது. பின்தகடு சுழலும். அதே வட்டத்துக்கு அடியில் ஒரு வெற்றுக் காகித வட்டம் சேர்த்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் காரணம் கிடைத்துவிட்டது.

இவை எதுவும் இல்லையென்றால் பாகங்களுக்கு வருவோம். ஒரு தயாரிப்பாளரின் ஷெல்லையும் இன்னொருவரின் பின்தகட்டையும் கலக்காதீர்கள். இரண்டிலும் 58 என்றுதான் அச்சிட்டிருக்கும். விளிம்பின் உயரம் கொஞ்சம் வேறாக இருந்தாலே போதும், பட்டன் மூடாது.

ஷெல் மேல் டையில் சிக்கிக்கொண்டது

பதறாதீர்கள், ஸ்குரூடிரைவரையும் எடுக்காதீர்கள். டையின் உள்பக்கத்தில் ஒரு கீறல் விழுந்தால், அதற்கப்புறம் வரும் ஒவ்வொரு பட்டனும் அந்தக் கீறலைச் சுமந்துகொண்டு வரும்.

மெஷின், அதாவது பிரஸ், இரண்டு அமுக்கில் வேலை செய்கிறது. மேலே ஒரு டை, கீழே அமுக்குக்கு ஒன்றாக இரண்டு டை. முதல் அமுக்கில் ஷெல், காகிதம், மைலார் மூன்றும் மேல் டைக்குள் ஏறிக்கொள்ளும். இரண்டாவது அமுக்கில் மேல் டை அவற்றைக் கொண்டுபோய்ப் பின்தகட்டின் மேல் மடித்துவிடும். எனவே முதல் அமுக்குக்குப் பிறகு ஷெல் மேலே ‘காணாமல் போவது’ இயல்பு. புதிதாகச் செய்கிறவர் அதை மறந்து இன்னொரு ஷெல்லை வைத்து மறுபடி முதல் அமுக்கு கொடுப்பார். இப்போது மேலே இரண்டு ஷெல், சிக்கல் ஆரம்பம்.

ஒரே ஷெல்தான் மேலே என்றால், இரண்டாம் டையில் பின்தகட்டை வைத்து அமுக்குங்கள், பட்டனாகவே இறங்கிவிடும். இரண்டு ஏறிவிட்டதென்றால், மேல் டையின் வெளிவளையத்தை விரல்களால் மேல்நோக்கித் தள்ளுங்கள். பெரும்பாலான மெஷின்களில் உள்ளே இருப்பது வெளியே தெரியும், பிடித்து இழுத்துவிடலாம். ஷெல்லின் விளிம்பு கூர்மையானது, துணியால் பிடியுங்கள்.

இரண்டாம் அமுக்கில் பட்டன் இறங்கியும் பின்தகடு மட்டும் தனியாக விழுந்தால் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். ஊசி கீழே பார்க்க வேண்டும். கைப்பிடியை ஒரே சீராக அடிவரை கொண்டு போங்கள். பாதியில் நிறுத்தி மறுபடி அமுக்கினால் மடிப்பு ஒருபக்கம் கோணும்.

ஊசி சாய்ந்திருக்கிறது, சட்டையில் குத்தினால் முகம் கவிழ்கிறது

சாய்வுக்குக் காரணம் பழக்கம்தான். இரண்டாம் டையில் ஊசி எந்தத் திசையில் கிடக்க வேண்டும் என்று கண்டுபிடித்து, டையின் பக்கத்தில் பெயிண்டாலோ ஸ்டிக்கராலோ ஒரு குறி போடுங்கள். முதல் டையில் படத்தின் தலைப்பக்கத்துக்கு இன்னொரு குறி. இரண்டு குறிகளும் ஒத்துப்போகிறதா என்பதைக் கழிவுக் காகிதத்தில் மூன்று பட்டன் அடித்துத் தெரிந்துகொள்ளலாம். பெரிய பட்டனில் ஊசி நடுவுக்குச் சற்று மேலே வந்தால் முகம் கவிழாது. பின்தகட்டில் ஊசி எங்கே இருக்கிறது என்று பார்த்து அதற்கேற்ற பக்கத்தைத் தலையாக்குங்கள்.

மைலாருக்கு அடியில் பனி படர்ந்தது போல இருக்கிறது

எனக்கு மிகவும் வலித்த கோளாறு இது. மேசை போட்டு விற்கும் ரசிகர் விழாவுக்கு முந்தின இரவு இங்க்ஜெட்டில் அச்சிட்டு, கையோடு வெட்டி, கையோடு பிரஸ் செய்து, காலையில் பெட்டியைத் திறந்தால் கருப்பு முடி கொண்ட பாத்திரங்கள் எல்லாம் நரைத்துப்போய் நின்றன. மை காயவில்லை. தொட்டால் ஒட்டாது, ஆனால் காகிதத்துக்குள் ஈரம் இருக்கும். மைலார் மூடியதும் அது வெளியேற வழியில்லை.

அச்சிட்ட தாள்களை அடுக்காமல் தனித்தனியாகப் பரப்பி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அடர்ந்த கருப்பு அதிகமுள்ள படத்துக்கு இன்னும் கொஞ்சம். அவசரமென்றால் லேசர் அச்சு எடுங்கள். லேசரின் தூள் மையான டோனர் உலர வேண்டிய பொருளல்ல, சூட்டில் உருகிக் காகிதத்தில் ஒட்டிக்கொள்கிறது. மழையில் நனைந்த பட்டனில் ஓரம் வழியாக நீர் புகும்போதும் டோனர் கரையாது. சாய வகை இங்க்ஜெட் மை கரையும், வெயிலிலும் வெளுக்கும். சாய மையில் அச்சிட்டால் வாங்குபவரிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுவது மரியாதை.

திரையில் இருந்த நிறம் காகிதத்தில் இல்லை

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, காகிதம் மையால். மின்னும் நீலப்பச்சை, ஊதா, நியான் பச்சை இவையெல்லாம் மைக்கு எட்டாதவை. அனிமே பாத்திரங்களின் முடி நிறம் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கும், என்ன செய்வது. ஆர்ஜிபியில் (திரையின் நிறமுறை) வரைந்ததை சிஎம்ஒய்கேயில் (அச்சு மையின் நிறமுறை) முன்கூட்டியே பார்த்து, எது செத்துப்போகிறதோ அதைப் பக்கத்து நிறங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். ஊதாவைப் பிரகாசமாக்க முடியாவிட்டாலும், பின்னணியை மங்கலாக்கினால் ஊதா எழும். கரிய ஆடைக்குள் இருக்கும் மடிப்புக் கோடுகளைத் திரையில் தேவையென்று தோன்றுவதைவிட ஒரு படி வெளிர வையுங்கள். ஒரு தாள் சோதனை அச்சு எடுத்து ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

கார்டு: மடிப்பில் வெடிப்பு, வெட்டில் கோணல்

கார்டுக்குக் காகிதம் பட்டனுக்கு நேர் எதிர். இங்கே 250 முதல் 350 ஜிஎஸ்எம் வரை கனம் வேண்டும். அந்தக் கனம்தான் மடிப்பில் வெடிக்கிறது. காகிதத்துக்குள் இழைகள் ஒரு திசையில் ஓடும். மடிப்பு அந்த ஓட்டத்தோடு இணையாக இருந்தால் சுத்தமாக மடியும், குறுக்கே போனால் வெடிக்கும். தாளை இரண்டு பக்கமும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அப்போது விழும் வளைவுக் கோட்டின் திசைதான் இழையோட்டம். கூடவே மழுங்கிய முனையால் அளவுகோலை வைத்து முதலில் ஒரு பள்ளம் கீறிவிட்டு அப்புறம் மடியுங்கள். பள்ளம் மடிப்பின் வெளிப்பக்கத்தில் வர வேண்டும். அந்தக் கோட்டின்மேல் அடர்ந்த டோனர் நிறம் வராமல் வரைந்துவிட்டால் பாதிப் பிரச்சினை முளைக்கவே முளைக்காது.

வெட்டில் வெள்ளைக் கோடு வந்தால், படத்தை நாலு பக்கமும் 3 மி.மீ. வெளியே நீட்டி வரையவில்லை என்று பொருள். கோணலாக வெட்டுப்பட்டால் ஒரே வெட்டில் எத்தனை தாள் வைத்தீர்கள் என்று பாருங்கள். அடுக்கு உயர்ந்தால் கத்தி அடித்தாளை இழுத்துக்கொண்டு போகும். இன்னொரு தந்திரம், கார்டைச் சுற்றி மெல்லிய சம அளவுச் சட்டம் வரையாதீர்கள். ஒரு மி.மீ. பிசகுகூட அந்தச் சட்டத்தில் பளிச்சென்று தெரியும். இருபக்க அச்சிலும் இதே கதைதான். வீட்டு பிரிண்டரில் முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மி.மீ. விலகத்தான் செய்யும். பின்பக்கத்தை விலகல் தெரியாத வடிவமாகப் போட்டுவிடுங்கள்.

ஏ5 தாளை மடித்தால் ஏ6 கார்டு, அதற்கு சி6 உறை. உறை கிடைக்காத வினோத அளவில் கார்டு செய்துவிட்டுப் பிறகு உறையையும் நாமே ஒட்டிக்கொண்டிருப்பது பெரிய தண்டனை. வாழ்த்து அட்டையின் உள்பக்கம் பளபளப்பில்லாமல் இருக்கட்டும், பேனா பிடிக்க வேண்டும்.

மேசையில் நின்று பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள், போய்விடுகிறார்கள்

சிரித்தார்கள் என்றால் படம் வேலை செய்கிறது. கோளாறு வேறெங்கோ. பட்டன்கள் மேசையில் படுத்துக் கிடக்கின்றனவா? நடந்து போகிறவர் கண்ணுக்கு அவை தெரியாது. துணி சுற்றிய பலகையில் குத்தி நிமிர்த்தி வையுங்கள். விலை எழுதியிருக்கிறதா? கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

சிரிக்கவும் இல்லை என்றால் படத்தைப் பார்க்க வேண்டும். எல்லோரும் விற்கும் அதே நாயகன் முகம் உங்கள் மேசையிலும் இருந்தால் உங்களிடம் வாங்கக் காரணமில்லை. மூன்றாம் அத்தியாயத்தில் இரண்டு நிமிடம் வந்துபோகும் பாத்திரத்துக்கும் ரசிகர் உண்டு. அவர் அந்தப் பட்டனைப் பார்த்ததும் விலைகூடக் கேட்க மாட்டார். ஆனால் அப்படி வருபவர் ஒருவரோ இருவரோதான், ஐம்பது பட்டன் அடித்து வைத்தால் நாற்பத்தெட்டு திரும்ப வீட்டுக்கு வரும்.

இங்கேதான் சொந்த மெஷினின் லாபம். ஷெல்லும் பின்தகடும் எல்லாப் படத்துக்கும் பொது. ஒவ்வொரு படத்திலும் ஐந்து மட்டும் பட்டனாக்கி, மீதியைக் காகித வட்டமாகவே உறையில் வைத்துக்கொள்ளுங்கள். எது தீர்கிறதோ அதை அங்கேயே பிரஸ் செய்யலாம். கைப்பிடி இறங்கும் சத்தத்துக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள், அது தனி விளம்பரம். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மர்மப் பொட்டலமாக விற்காத சரக்கைத் தள்ளிவிடும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. வேண்டாத பாத்திரம் கிடைத்த குழந்தையின் முகத்தை ஒருமுறை பார்த்தால் உங்களுக்கும் பிடிக்காது.

எல்லாம் விற்றும் கையில் எதுவும் மிஞ்சவில்லை என்றால், கடிகாரத்தை வைத்து இருபது பட்டன் செய்யுங்கள். வெட்டு, துடைப்பு, கெட்டுப்போனவை, அட்டையில் குத்துவது எல்லாம் சேர்த்து. உங்கள் விலையில் ஷெல்லும் காகிதமும் மட்டுமே இருந்திருக்கும், இந்த நேரம் இருந்திருக்காது.

இணையத்தில் போட்ட பொருளை நீக்கிவிட்டார்கள்

நானே வரைந்ததுதானே என்ற வாதம் இங்கே செல்லாது. கோடு உங்களுடையது, பாத்திரம் அதைப் படைத்தவருடையது. தலைப்பும் சின்னமும் வணிகச்சின்னமாகப் பதிவாகியிருக்கலாம். நடிகரின் புகைப்படம் என்றால் எடுத்தவரின் பதிப்புரிமை ஒன்று, முகத்துக்குரியவரின் உரிமை இன்னொன்று.

எதனால் நீக்கினார்கள் என்று அறிவிப்பில் பாருங்கள். பதிப்புரிமை என்றால் படத்தைப் பார்க்க வேண்டும், வணிகச்சின்னம் என்றால் பெரும்பாலும் தலைப்பிலும் குறிச்சொல்லிலும் நீங்கள் போட்ட பெயர்தான் காரணம். அமெரிக்கத் தளங்கள் பதிப்புரிமைப் புகார்களை 1998-ஆம் ஆண்டின் டிஎம்சிஏ எனும் அமெரிக்க டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி கையாள்கின்றன. புகார் வந்ததும் நீக்குவார்கள். நீங்கள் மறுப்பு அனுப்பலாம், புகார் கொடுத்தவர் வழக்குப் போடாவிட்டால் 10 முதல் 14 வேலை நாட்களில் பொருளைத் திரும்ப வைக்க வேண்டும். ஆனால் அந்த மறுப்பு பொய்ச்சாட்சித் தண்டனைக்கு உட்பட்ட உறுதிமொழி. கோபத்தில் அனுப்பும் கடிதமல்ல.

உரிமையாளர்கள் சிலர் ரசிகர் கைவினைக்கென்றே விதிமுறை வெளியிட்டிருக்கிறார்கள். சிறிய அளவில் சொந்தமாக வரைந்து செய்தால் அனுமதி, அதிகாரபூர்வப் படத்தையும் சின்னத்தையும் எடுத்து ஒட்டினால் இல்லை என்ற வகையில் இருக்கும். வரையத் தொடங்கும் முன் தேடிப் படியுங்கள். எனக்குப் பிடித்த வழி, பாத்திரத்தை வரையாமல் அதன் வாழ்க்கையில் இருக்கும் ஒரு பொருளை வரைவது. உடைந்த குடை, ஒரு பழைய பயணச்சீட்டு. தெரிந்தவர் கண்டுகொள்வார், தெரியாதவருக்கு அது வெறும் அழகான பட்டன். இதுவும் உங்களுக்கு முழுக் கவசம் ஆகாது, ஆனால் தானாகத் தேடி நீக்கும் கருவியிடம் சிக்குவது குறையும்.

அஞ்சலில் நசுங்கிப் போனது, கீறலோடு போனது

ஒரு பட்டனின் ஊசி இன்னொன்றின் முகத்தில் உரசினால் மைலார் கீறும். இரண்டு அனுப்பினால் முகத்துக்கு முகம் வைத்து நடுவில் மெல்லிய காகிதம் ஒன்று வையுங்கள். ஒன்றே ஒன்று என்றால் 300 ஜிஎஸ்எம் அட்டையில் குத்தி, பூட்டிய ஊசிமேல் இன்னொரு அட்டை. மெல்லிய கடித உறையில் போடவே வேண்டாம். கடிதம் பிரிக்கும் இயந்திர உருளைகள் தட்டையான காகிதத்துக்காகச் செய்யப்பட்டவை, பட்டன் அங்கே உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். பொதியாகவே அனுப்புங்கள். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கானதல்ல என்ற வரி அட்டையில் இருக்கட்டும்.

புகாரோடு திரும்பி வந்த பட்டனைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பின்தகட்டின் விளிம்பைத் தட்டையான கருவியால் நெம்பிப் பிரித்துப் பாருங்கள். அந்த ஷெல் இனி உதவாது, பரவாயில்லை. உள்ளே மைலார் ஒன்றா இரண்டா, காகிதம் ஈரமாக இருந்ததற்குக் கறை உண்டா, துரு ஊசியிலிருந்து தொடங்கியதா ஓரத்திலிருந்தா என்று தெரிந்துவிடும்.